ஹாரன் அடிக்கிற வேலை

அங்க உக்காராதீங்கம்மா, அந்த சீட்டு ஆடும். இப்படி வாங்க, ஜன்னல் ஓரம் காத்து வரும். பாப்பாவ உள்பக்கமா விட்டுடுங்க. சீட்டெல்லாம் இது ரயிலா ஓடினப்ப இருந்த அதே சீட்டுதான். நடுவுல இந்த டேபிள் மட்டும்தான் புதுசு. பாப்பா, மேல தொங்குற கைப்பிடியில தொங்காத செல்லம், அது கழண்டு வந்துடும்.

பர்த்டே புக் பண்ணணுமா? என்னைக்கு? ஞாயித்துக்கிழமையா, சரி. நசீர் தம்பி பின்னாடி பிரியாணிக்கு தம் போட்டுட்டு நிக்குது. ஓட்டல் அதோடதுதான். அது வந்து சாப்பாட்டு விவரம் சொல்லும். மத்தத நான் சொல்றேன். தொப்பிய ஏன் அப்படிப் பாக்கறீங்க? எனக்குக் கொஞ்சம் பெருசு. உள்ள பேப்பர் மடிச்சு வச்சிருக்கேன்.

டிரைவர் தாத்தாவா? வீடியோவுல பாத்தீங்களா? வெள்ளைச் சட்டை, நரைச்ச மீசை, சிரிக்கவே மாட்டாரு, அவருதானே? எங்க வீட்டுக்காரருதான் அது. பேரெல்லாம் நான் சொல்ல மாட்டேன்மா, பழக்கமில்ல. எத்திராஜ்னு சட்டையில குத்தியிருக்குமே, அதான். இப்ப அவரு வர்றதில்ல. அவரு இடத்துலதான் நான் நிக்கிறேன்.

உடம்புக்குன்னா, சுகர் பிரஷர் ஒன்னும் கிடையாது. பேச்சு நின்னுபோச்சு. பொங்கல் கழிஞ்சு நின்னது, இன்னும் வாயத் திறக்கல. பக்கவாதமோன்னு பயந்து டாக்டர்கிட்ட காட்டினோம். நாக்கு, தொண்டை எல்லாம் நல்லாதான் இருக்குன்னுட்டாரு. மனசு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கன்னாரு. ஓசூர்ல இருக்கற எங்க பொண்ணும் அதையேதான் போன்ல சொல்றா. எதுக்கு? ஊர்ல பைத்தியம்னு பட்டம் கட்டவா? சாப்பிடறாரு. குளிக்கிறாரு. நான் சொன்னதக் கேக்கறாரு. பேசறதில்ல, அவ்வளவுதான். வீடு செத்துப்போன மாதிரி இருக்கும்மா. நான் பேசறது எனக்கே திரும்பி வருது. 'தனம், ரசத்துல உப்பு பத்தல'ன்னு ஒரு வார்த்தை அவரு வாயிலேருந்து வந்தாப் போதும். எனக்கு வேற ஒன்னும் வேணாம். அதுக்காகத்தான் இந்தத் தொப்பிய மாட்டிக்கிட்டு நிக்கிறேன்.

எப்படின்னு கேளுங்க. சொல்றேன்.

இந்தப் பெட்டி இருக்கே, இது அவரு ஓட்டினது. ஓட்டினதுன்னா இதே வண்டி. யூனிட் வண்டின்னு சொல்வோம் நாங்க, கரண்ட்டுல ஓடறது. பீச் ஸ்டேஷனுக்கும் அரக்கோணத்துக்குமா போயிட்டு வந்துட்டு இருக்கும். இவரு மோட்டார்மேன், அதான் அதை ஓட்டற டிரைவர். வேற வண்டியும் ஓட்டியிருக்காரு, ஆனா சர்வீஸ்ல பாதி இதுலதான் போச்சு. என்னைவிட இதுகூடத்தான் அதிகம் இருந்தாருன்னு ரயில்வே குவார்ட்டர்ஸ்ல கேலி பண்ணுவாளுங்க. ஒன்னோட சக்களத்தி ஷெட்டுக்கு வந்துட்டாடி, போய் ஆரத்தி எடுன்னு. நானும் சிரிப்பேன். நல்ல மனுஷன். குடி கிடையாது. மத்த மோட்டார்மேனுங்க டூட்டி முடிஞ்சா கூட்டமா உக்காந்து குடிச்சுட்டு அழுது பொலம்பிட்டு வீட்டுக்கு வருவாங்க. இவரு நேரா வீடுதான். அதுல எனக்கு ரொம்ப பெருமை.

எதுக்கு அழுவாங்களா? வேற எதுக்கு, ரன் ஓவருக்குத்தான். லைன்ல ஆள் அடிபடறது. லைனைத் தாண்டறவங்க, விழறவங்க, வேணும்னே வந்து படுக்கிறவங்க. மோட்டார்மேனா இருந்தா அது வராம இருக்காது. அன்னைக்குன்னு எங்க குவார்ட்டர்ஸ்ல ஒரு முறை உண்டு. புருஷன் முன்வாசல் வழியா வரக்கூடாது. பின்பக்கம் குழாயடியில மஞ்சத்தண்ணி வச்சிருப்போம், ஊத்திக்கிட்டு வரணும். போட்டிருந்த துணி உள்ள வரக்கூடாது. ஒரு எலுமிச்சம்பழத்த நறுக்கிக் குங்குமம் தடவி ரெண்டு பக்கமும் வீசிடுவோம். முக்கியமானது என்னன்னா, வீட்டுக்குள்ள அதைப் பத்திப் பேசக்கூடாது. ஒரு வார்த்தை கூடாது. பேசினா பேச்சோட பேச்சா அதுவும் உள்ள வந்துடும். மத்தவளுங்க எல்லாம் பழம் வீசறதோட சரி. ராத்திரி பூரா புருஷன் சொல்றத உக்காந்து கேப்பாளுங்க. யாரு, எந்த ஊரு, என்ன சேலைன்னு. நான் ஒரு நாளும் கேட்டதில்ல. அவரு சர்வீஸ் முழுக்க எங்க வீட்டுக்குள்ள அந்தப் பேச்சு ஒரு வார்த்தை நுழைஞ்சதில்லம்மா. குவார்ட்டர்ஸ்ல வேற யாராவது அப்படிச் சொல்லிக்க முடியுமா, கேட்டுப் பாருங்க.

தண்ணி குடிங்க. பாப்பாவுக்கு ரோஸ்மில்க் சொல்லட்டுமா?

கடைசியா ஒன்னு ஆச்சு. ரிட்டையர் ஆகற வருஷம். காலேஜுக்குப் போற பொண்ணாம். காதுல பாட்டு கேக்கற ஒயர மாட்டிக்கிட்டு லைனைத் தாண்டியிருக்கு. இவரு தூரத்துல வர்றப்பவே ஹாரன் அடிச்சிருக்காரு. விடாம அடிச்சிருக்காரு. யூனிட் வண்டி என்ன பஸ்ஸா, மிதிச்ச இடத்துல நிக்க? பிரேக் போட்டாலும் அது பாட்டுக்கு இழுத்துட்டுப் போய்தான் நிக்கும். இதெல்லாம் அந்த வண்டியில கடைசிப் பெட்டியில வர்ற கார்டோட சம்சாரம் எனக்குச் சொன்னது. இவரு சொல்லல. சொல்ல வந்தாரு. குளிச்சுட்டு பின்கதவுப் படியில உக்காந்தவரு, 'தனம், அந்தப் பொண்ணு கடைசியில திரும்பி என்னைப்...'ன்னு ஆரம்பிச்சாரு. நான் காதைப் பொத்திக்கிட்டேன். வெளியவே விட்டுட்டு வாங்க, உள்ள எடுத்துட்டு வராதீங்கன்னு ஒரே போடா போட்டேன். சூடா சோறு போட்டு ரசம் ஊத்தினேன். குனிஞ்ச தலை நிமிராம சாப்பிட்டாரு. அத்தோட விட்டுது. அன்னைக்கு மட்டும் நான் இடம் குடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்? இன்னைக்கு வரைக்கும் அது எங்க வீட்டையே சுத்தி வந்துட்டு இருக்கும்.

அப்புறம் ரிட்டையர் ஆயிட்டாரு. ஸ்டேஷனுக்குப் பின்னாடி ரெண்டாவது தெருவுல வீடு வாங்கி வந்துட்டோம். அவருக்கு இந்த ஏரியாவே புடிக்கல. தண்டவாளம் கண்ணுக்குத் தெரியாத ஊரா பாக்கலாமேன்னாரு. நான்தான் புடிச்ச புடியா நின்னேன். இத்தனை வருஷம் ரயில் சத்தத்துல தூங்கினவங்க, திடீர்னு சத்தமில்லாத ஊருக்குப் போனா தூக்கம் வருமா? எனக்கு வராது. அவரு எப்படியும் தூங்கறதில்ல. வயசானா தூக்கம் குறையும்தானே. ரயில்லயும் ஏற மாட்டேன்னுட்டாரு. ஓசூருக்கு பஸ், திருத்தணிக்கு பஸ், பக்கத்து ஸ்டேஷனுக்குக் கூட ஷேர் ஆட்டோ. ஓசி பாஸ் வச்சுக்கிட்டு இப்படிப் பண்ணா எரிச்சல் வருமா வராதா, நீங்களே சொல்லுங்க.

அவரு ரிட்டையர் ஆன கொஞ்ச நாள்ல இந்த வண்டியையும் கண்டம் பண்ணிட்டாங்க. கண்டம்னா, இனிமே ஓட லாயக்கில்லன்னு ஒதுக்கிடறது. ஷெட்டுக்குப் பின்னாடி புல்லு மொளைச்ச லைன்ல கொண்டுபோய்ப் போட்டுட்டாங்க. புது வண்டிங்க எல்லாம் ஏசி, கதவு தானா மூடிக்குது, இந்தப் பழசெல்லாம் யாருக்கு வேணும்? அப்புறம் ஏலம் எடுத்தவங்க ஆளுங்க வந்து கேஸ் வச்சு அறுக்க ஆரம்பிச்சாங்க. பூசணிக்காய் பத்தை போடற மாதிரி பெட்டி பெட்டியா அறுத்து லாரியில அள்ளினாங்க. அதுக்கு மட்டும் இவரு தானா கெளம்பிப் போனாரு, கேளுங்க. தினம் போய் ஒரு கல்லு மேல உக்காந்து பாத்துட்டு இருப்பாரு. பழகின வண்டி போகுதேன்னு வருத்தமோன்னு நினைச்சேன். அறுக்கறவன் என்கிட்ட என்ன சொன்னான் தெரியுமா? 'இந்தப் பெரியவரு வந்ததுலேருந்து டிரைவர் இருக்கற முன்பெட்டிய மொதல்ல அறுங்க, அதை மொதல்ல அறுங்கன்னு உசுர வாங்கறாரும்மா'ன்னான். எனக்கு ஆறவே இல்ல. நமக்குச் சோறு போட்டது அது. அதைப் போய் இப்படிச் சொல்லலாமா? வீட்டுக்கு வந்ததும் நல்லா கேட்டுட்டேன். நன்றி கெட்ட ஜென்மம்னு கூட சொல்லிட்டேன்.

சாமி இருக்குதும்மா. எல்லாத்தையும் அறுத்தாங்க, முன்பெட்டிய மட்டும் ஓட்டல் வைக்கக் குடுத்துட்டாங்க. நசீர் தம்பி எடுத்துச்சு. ஸ்டேஷன் வாசல்ல துண்டா ரெண்டு தண்டவாளம் போட்டு, கிரேன் வச்சுத் தூக்கி அது மேல நிறுத்தி, பெயிண்ட் அடிச்சு, சீரியல் லைட் போட்டுச்சு. கிரேன்ல தொங்கிக்கிட்டு வர்றப்ப தெருவே கூடிடுச்சு. நான் கற்பூரம் காட்டினேன். இவரு வெளியவே வரல. கதவைச் சாத்திக்கிட்டு படுத்துட்டாரு. நான் ஓடிப்போய், 'ஏங்க, உங்க வண்டி நம்மளத் தேடிக்கிட்டு வாசலுக்கே வந்துடுச்சுங்க'ன்னேன். அவரு மூஞ்ச ஒரு தரம் பாத்திருக்கணும். என்னமோ கடன்காரன் வந்த மாதிரி.

எனக்கு அப்பதான் யோசனை வந்துச்சு. நேரா நசீர் தம்பிகிட்ட போனேன். 'தம்பி, இந்த வண்டிய ஓட்டின மோட்டார்மேனே பக்கத்துல இருக்காரு. தொப்பி போட்டு வாசல்ல நிறுத்து, புள்ளைங்க ஓடி வரும்'னேன். தம்பி நல்ல புள்ள. உடனே ஒத்துக்கிச்சு. இவருதான், வேணாம் தனம், வேணாம் தனம்னாரு. நான் விடல. பக்கத்து வீடு, எதிர் வீடு, அயர்ன்கடைக்காரர் எல்லாரையும் விட்டுச் சொல்ல வச்சேன். ஊரே சொல்றப்ப என்ன பண்ணுவாரு? வந்தாரு. ஒரு தடவை மட்டும் மெதுவா சொன்னாரு, 'இதே பெட்டிதான் தனம் அன்னைக்கு'ன்னு. எந்த அன்னைக்குன்னு எனக்குத் தெரியாதா? 'இதே பெட்டின்னா என்ன இப்ப, அன்னைக்கே கழுவிட்டாங்கல்ல, மேல புதுசா பெயிண்ட்டும் அடிச்சாச்சு'ன்னேன். தொப்பிய எடுத்து மாட்டிக்கிட்டாரு.

வேலை நல்லாதான் பாத்தாரு. புள்ளைங்கள டிரைவர் ரூம்ல ஏத்தி உக்கார வைப்பாரு, போட்டோவுக்கு நிப்பாரு. கடை திறக்கும் முன்னாடியே வந்து முன்கண்ணாடிய தொடைப்பாரு. மறுபடி தொடைப்பாரு. 'அண்ணே, பளபளன்னுதான் இருக்கு, விடுங்கண்ணே'ன்னு தம்பி சொல்லும். விட மாட்டாரு. பொறுப்பு அந்த மாதிரி. ஹாரன் மட்டும் அடிக்க மாட்டாரு. அதான் அவருகிட்ட ஒரே கொறை. புள்ளைங்களுக்கு அதுதானே வேணும்? தம்பி பாவம், போன்ல ஒரு ரெக்கார்டு சத்தம் புடிச்சு ஸ்பீக்கர்ல விட்டுச்சு. அது ஆட்டுக்குட்டி கத்தற மாதிரி இருந்துச்சு, புள்ளைங்களே சிரிச்சுதுங்க. எனக்கு மானம் போச்சு. மோட்டார்மேன் நிக்கிற வண்டியில டூப்ளிகேட் ஹாரனா?

நான்தான் பஞ்சர் கடைக்காரர்கிட்ட பேசி, காத்து அடிக்கிற மெஷின் ஒன்னு வர வச்சேன். பழைய ஹாரன் மேலயே இருந்துச்சு, காத்து இல்லாமதான் சும்மா கெடந்துது. குழாய இழுத்து மாட்டினதும் அதே சத்தம். பொங்கல் கழிஞ்சு ஒரு பர்த்டே, நல்ல கூட்டம். கேக் வெட்டறப்ப எல்லாரும் ஹாரன் ஹாரன்னு கத்தறாங்க. இவரு கையைக் கட்டிக்கிட்டு கல்லு மாதிரி நிக்கிறாரு. நான் உள்ள போனேன். என்னங்க வெக்கம், பச்சப்புள்ளைங்க கேக்குதுன்னு, அவரு கைய புடிச்சு ஹாரன் மேல வச்சு, என் கையால அமுக்கினேன்.

சத்தம் வந்துச்சு பாருங்க. ஆஹா. எல்லாரும் கை தட்டினாங்க. நான் கைய எடுத்துட்டேன். அவரு எடுக்கல. அமுக்கினது அமுக்கினபடியே. புள்ளைங்க காதைப் பொத்திக்கிச்சுங்க, ஒரு கொழந்தை அழ ஆரம்பிச்சுடுச்சு, பிளாட்பாரத்துலேருந்து ஆளுங்க ஓடி வந்து பாக்கறாங்க. நசீர் தம்பி வந்து விரல ஒவ்வொன்னா பிரிச்சு எடுத்துச்சு. அப்பவும் கண்ணு கண்ணாடிக்கு வெளியவே இருக்கு. 'இன்னும் நகரலியே தம்பி'ன்னாரு. அவ்வளவுதான். அதுதான் அவரு பேசின கடைசிப் பேச்சு. கூட்டத்துல யாரோ கண்ணு வச்சிருப்பாங்க. வேற என்ன? மொளகா சுத்திப் போட்டேன், கமறவே இல்ல.

தம்பி அவரை இனிமே வர வேணாம்னுச்சு. மரியாதையாதான் சொல்லுச்சு. 'அக்கா, அண்ணே வீட்டுல ரெஸ்ட் எடுக்கட்டும்'னுச்சு. எனக்கு பகீர்னுச்சு. வேற எவனாவது தொப்பி போட்டு வந்து நின்னுட்டா, அப்புறம் அவருக்குன்னு என்ன இருக்கு? அவரு சரியாகற வரைக்கும் நான் நிக்கிறேன், இடத்த விட்டுக் குடுக்க மாட்டேன்னேன். தம்பிக்கு இஷ்டமில்ல, ஆனா என் வாய்க்கு பயம். ஹாரனும் நானே அடிக்கிறேன். எங்க வீடு வரைக்கும் நல்லா கேக்கும். வேணும்னேதான் அடிக்கிறேன். நான் அடிக்கிறத கேட்டுட்டு, ஒரு நாள் இல்ல ஒரு நாள் பொறுக்க முடியாம, 'ஏய், ஹாரன் இப்படியா அடிப்பாங்க'ன்னு திட்டவாவது வாயத் திறப்பாருல்ல?

ஒவ்வொரு தடவ நான் அடிக்கறப்பவும் அவரு எழுந்து நின்னுக்கிறாருன்னு எதிர்வீட்டுப் பொண்ணு சொல்றா. உடம்பெல்லாம் ஆடுதாம். பயமா இருக்கு ஆன்ட்டின்னா. சின்னப் பொண்ணு, அவளுக்கு என்ன தெரியும்? டூட்டி ஞாபகம்மா அது. ரத்தத்துல ஊறினது.

நேத்துதான்மா விஷயமே. நேத்து ஒரு பையனுக்குப் பர்த்டே. வழக்கத்தைவிட நல்லா இழுத்து அடிச்சேன். முடிச்சுட்டு தட்டெல்லாம் எடுத்துட்டு இருக்கேன், கேட்காரர் தாமு, அதான் லெவல் கிராசிங் கேட்டப் பாத்துக்கறவரு, இவரைக் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு வர்றாரு. காலெல்லாம் ஜல்லி கிழிச்சு ரத்தம். ஹாரன் சத்தம் கேட்டதும் வீட்டை விட்டு ஓடியிருக்காரு. கேட்டுக்குக் கீழ குனிஞ்சு நடு லைனுக்கே போயிட்டாராம். ரெண்டு கையையும் வீசி வீசி, 'போம்மா, அந்தப் பக்கம் போம்மா, வண்டி வருதும்மா'ன்னு யாரையோ வெரட்டறாராம். அங்க ஒரு ஈ காக்கா இல்லையாம். வண்டி சிக்னல தாண்டி வந்துட்டு இருந்துச்சாம். தாமு மட்டும் பாக்கலன்னா அவ்வளவுதானாம். 'அண்ணி, கும்புட்டுக் கேக்கறேன், அந்த ஹாரன் அடிக்கறத விடுங்க. வெளிய போறப்ப வீட்டைப் பூட்டிட்டுப் போங்க'ன்னு அழுவாத கொறையா சொல்லிட்டுப் போறாரு.

எனக்கு அதெல்லாம் காதுலயே விழலம்மா. பேசினாரு! பேசினாருன்னு சொல்றாரு தாமு, நல்லா கேட்டீங்களா? ஒரு வார்த்தை ரெண்டு வார்த்தை இல்ல, வரிசையா. எத்தனை மாசம் கழிச்சு! நான் தாமுவ நிறுத்தி, என்ன சொன்னாரு, என்ன சொன்னாருன்னு திருப்பித் திருப்பிக் கேட்டேன். என்னைப் பைத்தியம் மாதிரி பாத்தாரு. வீட்டுக்கு வந்து கால் கழுவி மஞ்சள் வச்சுக் கட்டிவிட்டு, பக்கத்துல உக்காந்து, என்கிட்டயும் ஒரு வார்த்தை பேசுங்களேன்னு கெஞ்சினேன். ம்ஹூம். வீட்டுக்குள்ள வந்தா வாய மூடிக்கிறாரு. வெளியதான் வருது பேச்சு. ஹாரன் கேட்டாத்தான் வருது. ராத்திரி பூரா சந்தோஷத்துல எனக்குத் தூக்கமே இல்ல. ரொம்ப நாள் கழிச்சு எனக்கு ஒரு வழி தெரிஞ்சிருக்கு.

அதோ தம்பி வருது பாருங்க. ஹாரனுக்கு ரெக்கார்டு சத்தமே போதும்னு சொல்லும். தாமு அதுகிட்டயும் போய் என்னத்தையோ ஓதியிருக்காரு. நீங்க ஒத்துக்காதீங்கம்மா. நெஜ ஹாரன்தான் வேணும், எங்க பாப்பா அதைக் கேக்கத்தான் வர்றான்னு கண்டிஷனா சொல்லுங்க. நீங்க கேட்டா தம்பி மறுக்காது. எனக்காக இந்த ஒரு உதவி பண்ணுங்க.

ஞாயித்துக்கிழமை நான் அடிக்கிற அடியில பாப்பா குதிச்சுடுவா பாருங்க. நேத்து அடிச்சதெல்லாம் ஒன்னுமே இல்ல. வீட்டுக் கதவை நல்லா விரியத் திறந்து வச்சுட்டுத்தான் வரப்போறேன்.